கதைக்குக் கதவு! முகத்துக்குத் தாழ்!

தோழர்களே!

கேள்வி கேட்கச் சொல்லித்தான் பிள்ளைகளைப் பழக்குகிறோம். ஏன், எதற்கு, எப்படி என்று கேள் என்கிறோம். கேளாதவனை மந்தமதியினன் என்று ஏசவும் செய்கிறோம். அந்தக் கேள்வி ஒருநாள் நம் பக்கமே திரும்பி நிற்கும்போதுதான் அது எவ்வளவு கூரிய கருவி என்பது விளங்குகிறது. சென்ற ஆண்டு விழா இரவில் நமக்கு அது விளங்கியது. கேட்டவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. விடையின்றி நின்றவர், அவளுடைய தமிழாசிரியராகிய நாம்.

இடம் திருச்சிராப்பள்ளி. தலை நிமிர்ந்தால் மலைக்கோட்டை தெரியும் தொலைவிலே ஒரு பள்ளி. ஆண்டு விழாவுக்கு நாடகம் வேண்டும் என்றார்கள். மனைவியை விற்கும் மன்னன் கதை வேண்டாம், பிள்ளையை அறுத்துக் கறி சமைக்கும் அடியார் கதையும் வேண்டாம், பிள்ளைகளைச் சிந்திக்க வைக்கும் கதை வேண்டும் என்று நாம் தேடினோம். ஜப்பானிய எழுத்தாளர் அகுதாகவா ரியூனொசுகே 1922ஆம் ஆண்டில் எழுதிய 'மூங்கிற் காட்டிலே' என்னும் சிறுகதை கிடைத்தது. காட்டிலே ஒருவன் செத்துக் கிடக்கிறான். கொன்றவன் நானே என்கிறான் கள்வன். நானே என்கிறாள் மனைவி. என்னை நானே கொன்றுகொண்டேன் என்கிறது செத்தவனின் ஆவி! ஆவியில் நமக்கு நம்பிக்கை கிடையாது. ஆயினும், செத்தவன் சொல்வதையும் ஆராயாமல் ஏற்காதே என்று கற்பிக்கிறதே, அந்தக் கருத்து நமக்குப் பிடித்திருந்தது. பள்ளி மேடைக்கு ஆகாதவற்றை நீக்கினோம். மூங்கிற் காட்டைக் கொள்ளிடக் கரையின் நாணற் காடாக்கினோம். பாத்திரங்களுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டினோம். கதை நம் ஊர்க் கதையாயிற்று.

மனைவி பாத்திரம்தான் நாடகத்தின் உயிர். அதற்கான உரையாடல் முழுவதையும் மூன்றே நாளில் மனப்பாடம் செய்து, கேட்டோர் கண் கலங்கப் பேசிக் காட்டினாள் ஒரு மாணவி. கருநிறத்தாள். இன்னொரு மாணவி நல்லவள், அடக்கமானவள், சிவந்த நிறத்தாள். ஆனால், குரல் முதல் வரிசையைத் தாண்டாது. நாம் யாரைத் தெரிவு செய்தோம்? சிவந்தவளை! "மேடைக்கு எடுப்பாக இருக்கும்" என்று சக ஆசிரியர் சொன்னார். ஆமாம் என்று நாமும் தலையசைத்தோம். குரல் கேட்காதே என்ற சிக்கல் எழுந்தபோது அதற்கும் வழி கண்டோம். கருநிறத்தாளைத் திரைக்குப் பின்னே ஒலிபெருக்கியின் முன் நிறுத்தினோம். இவள் பேசினாள், அவள் வாயசைத்தாள். அரங்கம் கைதட்டியது. மாலை அவளுக்கு விழுந்தது.

ஒப்பனை கலைந்த வேளையில் அந்தப் பெண் வந்து கேட்டாள்: "ஐயா, ஜப்பான்காரக் கதை கடலையே தாண்டி நம் மேடைக்கு வந்துவிட்டது. எனக்கு மட்டும் இந்தத் திரையைத் தாண்ட முடியவில்லையே, ஏன் ஐயா?"

என்ன சொல்வோம்! "நேரமாகிவிட்டது, வீட்டுக்குப் போ அம்மா" என்றோம். அது விடையன்று என்பது அவளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

அன்றிரவு சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒன்றாம் எண் பேருந்து ஏறித் திருவரங்கம் திரும்பினோம். காவிரிப் பாலத்தின்மேல் காற்று முகத்தில் அறைந்தது. அவள் கேட்ட கேள்வியைவிட அது மெதுவாகவே அறைந்தது. அந்தக் கேள்வியைத்தான் இக்கட்டுரையில் உங்கள் முன் வைக்கிறோம். பிறர் கதையை எடுத்துக் கூத்தாடுவது குற்றமா? குற்றமென்றால் எந்த இடத்தில் அது குற்றமாகிறது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். கதைக்குக் கடவுச் சீட்டுக் கேட்பவரல்லோம் நாம். மாற்றார் தோட்டத்து மல்லிகையின் மணத்தை மறுக்கும் மரபிலே நாம் வளரவில்லை. அகுதாகவாவையே பாருங்கள். மூங்கிற் காட்டுக் கதையின் கருவை அவர் 'கொன்ஜாகு மொனோகதாரி' என்னும் பழந்தொகுப்பிலிருந்து எடுத்தார். ஏறத்தாழப் பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தொகுப்பில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கதைகள். அவற்றுக்கு மூன்று பகுதிகள். ஒன்று சீனக் கதைகள், ஒன்று ஜப்பானியக் கதைகள், மற்றொன்று எது தெரியுமா? இந்தியக் கதைகள்! புத்தநெறியோடு நடந்து, மலை ஏறி, கடல் கடந்து, அங்கே போய்க் குடியேறிய கதைகள். அதுமட்டுமா? பலர் பலவிதமாகச் சாட்சி சொல்லும் முறையிலே, ஆம்புரோசு பியர்சு என்ற அமெரிக்கர் 1907இல் எழுதிய கதையொன்றின் சாயலும் அகுதாகவாவிடம் உண்டு என்பர் ஆய்வாளர். ஆக, ஜப்பானியக் கதை என்று நாம் கொண்டாடுவதிலே அமெரிக்க மூச்சும் உண்டு. அது இருந்த வீட்டிலே இந்தியக் கதைகளும் குடியிருந்தன. தூய கதை என்று ஒன்று இல்லை. தூய குருதி என்று ஒன்று இல்லாதது போல! கலந்து பிறப்பதே கலை. கலப்பைத் தீட்டு என்று சொல்வது வைதிகர் வேலை. அந்த வேலையை நாம் வேறு பெயரில் செய்ய வேண்டா.

அந்தக் கதை மேலும் நடந்தது. அகிரா குரோசாவா 1950இல் அதனை 'ராஷோமான்' என்னும் திரைப்படமாக்கினார். மறு ஆண்டே வெனிஸ் நகர விழாவில் அதற்குத் தங்கச் சிங்கம் பரிசு கிடைத்தது. 1952இல் இந்தியாவின் முதல் பன்னாட்டுத் திரைப்பட விழாவிலும் அது காட்டப்பட்டது. இரண்டே ஆண்டில், 1954இல், வீணை எஸ். பாலச்சந்தர் இயக்கத்தில் ஏவி.எம். நிறுவனம் 'அந்த நாள்' என்னும் தமிழ்ப் படத்தைத் தந்தது. சிவாஜி கணேசனும் பண்டரிபாயும் நடித்த அப்படத்தில் பாட்டு இல்லை, ஆட்டம் இல்லை. ஒரு கொலையைப் பற்றிப் பலர் சொல்லும் பல கதைகள் மட்டுமே உண்டு. கொலையுண்டவன் வானொலிப் பொறியாளன். எதிரிக்கு உளவு சொன்னவன். எந்த எதிரிக்கு? ஜப்பானியருக்கு! 1943 அக்டோபரில் சென்னைமீது ஜப்பானியர் குண்டு வீசிய நாளைச் சுற்றியே கதை சுழல்கிறது. ஜப்பானியர் புகழேற்றிய வடிவத்திலேயே ஜப்பானியரை எதிரியாக நிறுத்திய கதை! இதைத் திருட்டு என்று எவர் சொல்வார்? வடிவத்தை வாங்கி, நம் ஊர் அச்சத்தையும், நம் வீட்டு மனைவியின் மனப்போரையும் அதிலே ஊற்றினார்கள். உண்மையை அறியவே முடியுமா என்று கேட்டது ராஷோமான். அறிந்த உண்மை கணவனைக் கொல்லுமென்றால் என்ன செய்வாய் என்று கேட்டது அந்த நாள். வாங்கியவன் புதுக் கேள்வி ஒன்றைச் சேர்த்துத் தருவானாயின், அவன் கடனாளி அல்லன். வட்டியோடு திருப்பித் தந்தவன்.

அப்படியானால் சிக்கல் எங்கே?

சிக்கல் இரண்டு. ஒன்று கடன்; மற்றொன்று முகம்.

கடனை எளிதாகத் தீர்த்துவிடலாம். குரோசாவாவின் 'யோஜிம்போ' 1961இல் வந்தது. இத்தாலியர் செர்ஜியோ லியோனே 1964இல் அக்கதையைத் துப்பாக்கிக்காரன் கதையாக்கிப் படமெடுத்தார். ஜப்பானியத் தோஹோ நிறுவனம் வழக்குத் தொடுத்தது. தமக்கும் முன்னோர் உண்டு, பழைய இத்தாலிய நாடகத்திலேயே இக்கதை உண்டு என்று லியோனே வாதாடிப் பார்த்தார். முடிவில் உலக வருவாயில் 15 விழுக்காடு ஜப்பானியருக்கு என்று தீர்வாயிற்று. பார்த்தீர்களா! கதையை எடுத்தால் அதற்கொரு கணக்கு உண்டு, கணக்குக் கேட்க ஒரு மன்றமும் உண்டு.

ஆனால், முகத்தை எடுத்தால்? அதற்கு எத்தனை விழுக்காடு? எந்த நீதிமன்றம்?

குரோசாவாவின் 'ஏழு சாமுராய்' 1954இல் வெளிவந்தது. அமெரிக்கர் 1960இல் அதனை எடுத்தாண்டனர். இன்ன ஜப்பானியப் படத்திலிருந்து எடுத்தோம் என்று படத்திலேயே எழுதியும் காட்டினர். கடன் ஒப்புக்கொள்ளப்பட்டது, நல்லது. கதை மெக்சிகோ நாட்டுச் சிற்றூருக்கு மாறியது, அதுவும் தவறன்று. ஆனால், அதிலே உழவர் குடியிலே பிறந்த வீர இளைஞனாக நடித்தவர் யார்? ஜெர்மானியரான ஹார்ஸ்ட் புக்ஹோல்ஸ். கொள்ளைத் தலைவனான மெக்சிகன்? நியூயார்க்கிலே பிறந்த ஈலை வாலக்! ராஷோமானையும் 1964இல் அமெரிக்கர் மீண்டும் எடுத்தார்கள். அதிலே மெக்சிகோக் கள்வனாகத் தோன்றியவர் நீலக் கண்ணழகர் பால் நியூமன். முகத்திலே பழுப்புச் சாயம். 1956இல் ஒரு படத்தில் மார்லன் பிராண்டோ ஒக்கினாவாத் தீவினராக வேடமிட்டார். 1937இல் 'நல்ல நிலம்' கதையைப் படமாக்கியபோது, சீன உழவனின் மனைவியாக நடிக்க விரும்பினார் அன்னா மே வாங். லாஸ் ஏஞ்சலிசிலே பிறந்த சீன வழி நடிகை. வாய்ப்போ ஐரோப்பாவிலே பிறந்த லூயி ரெய்னருக்கு! அவருக்கு ஆஸ்கர் பரிசும் கிடைத்தது. சுவருக்கு வெள்ளையடிப்பதை நாம் அறிவோம். அங்கே கதைக்கே வெள்ளையடித்தார்கள்.

இது பழங்கதை என்று எண்ண வேண்டா. மசமுனே ஷிரோ 1989இல் வரையத் தொடங்கிய படக்கதை 'கோஸ்ட் இன் தி ஷெல்'. 1995இல் மமோரு ஓஷி அதனை ஓவியப் படமாக்கினார். 2017இல் ஹாலிவுட்டார் அதனை எடுத்தபோது நாயகி ஸ்கார்லெட் ஜோஹான்சன். கதையின் முடிச்சு என்ன தெரியுமா? நாயகியின் உடல் இயந்திரம். உள்ளே இருக்கும் மூளை மட்டும் மனித மூளை. அது யாருடையது என்று பார்த்தால், மோதோகோ என்னும் ஜப்பானியப் பெண்ணுடையது! அறிவு ஜப்பானியளுடையது, அழகு வெள்ளைக்காரியுடையது. எடுத்தவர்கள் தாம் செய்ததைத் தாமே படத்துக்குள் கதையாகச் சொல்லிவிட்டார்கள். சொல்கிறோம் என்பதை உணர்ந்தார்களோ இல்லையோ!

இதைப் படித்தபோது நமக்கு உடல் குன்றியது. குரல் ஒருத்தியுடையது, முகம் மற்றொருத்தியுடையது. நம் பள்ளி மேடையில் நாம் செய்ததும் இதுவே அன்றோ!

இங்கே மறுப்பாளர் ஒருவர் எழுகிறார். "அப்பா! அந்தப் படத்தின் தெரிவிலே தவறில்லை என்று மமோரு ஓஷியே சொன்னாரே. ஜப்பானியருக்கில்லாத சினம் உமக்கேன்?" என்கிறார். நல்ல மறுப்பு, நேர்மையாக விடை தர வேண்டும். ஜப்பானில் வாழும் ஜப்பானியனுக்குத் தன் முகத்தைத் திரையிலே காண வேறு ஆயிரம் படங்கள் உண்டு. அவன் நாட்டுத் திரை அவன் கையில் இருக்கிறது. ஒரு படத்தில் முகம் மாறினால் அவன் முகம் அழியாது. ஆனால், அமெரிக்காவிலே பிறந்து வளர்ந்த ஜப்பானிய வழிப் பெண்ணுக்கு? தன் இனத்தாள் நாயகியாகும் கதை அங்கே அரிதாக வருகிறது. வந்த கதையிலும் அவளுக்கு இடமில்லை என்றால், அவள் எந்தக் கண்ணாடியிலே தன்னைக் காண்பாள்? கதையின் சொந்தக்காரனுக்கு இழப்பில்லாதிருக்கலாம். இழப்பு, கதவுக்கு வெளியே நிற்பவளுக்கு. எனவே, 'கதை யாருடையது' என்பதோடு நம் விசாரணை நின்றுவிடக் கூடாது. 'கதவுக்கு வெளியே நிற்பவர் யார்' என்பதையும் கேட்டாக வேண்டும். அறம் அந்த இரண்டாம் கேள்வியிலேதான் இருக்கிறது.

மற்றொரு மறுப்பு: "நடிப்பு என்றாலே வேடந்தானே! தன்னைத்தானே நடிப்பதா கலை?" உண்மை. 1935இல் வந்த பக்த நந்தனாரில் நந்தனாராக நடித்தவர் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள். பெண் ஆணாக நடித்தார்; நாடு கண்டு வியந்தது. வேடம் பாவமன்று. ஆனால், வேடம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். ஆறு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும். இந்த ஆறோ எப்போதும் பள்ளத்திலிருந்து மேட்டுக்கே ஓடுகிறது! வெள்ளையர் பழுப்புச் சாயம் பூசி மெக்சிகனாகலாம். மெக்சிகன் வெள்ளைச் சாயம் பூசி வெள்ளையனானதுண்டா? சிவந்தவள் கரி பூசிக் கறுப்பியாகலாம். கறுப்பி எப்போது கதாநாயகியாவாள்? இருவழியும் திறந்திருந்தால் அது வேடம். ஒருவழி மட்டும் திறந்திருந்தால் அது சாதி.

தோழர்களே! மேற்கைச் சாடுவது எளிது. காவிரிக்கரையிலேயே நின்று நம்மை நாம் பார்ப்போமா?

திருவரங்கத்திலே, தாயார் சன்னதிக்கருகே ஒரு மண்டபம் உண்டு. கம்பன் தன் இராமகாதையை அரங்கேற்றிய இடம் என்று கூறுவர். வான்மீகி சொன்ன கதையைத் தமிழில் சொன்னவன் கம்பன். முன்னோன் பெயரை மறைக்கவில்லை. கடன் தீர்ந்தது. ஆனால், முகம்? தென்னாட்டாரை வாலும் கோரைப்பல்லும் வைத்துக் காட்டலாமா என்ற கேள்வி எழத்தானே செய்தது! 1943ஆம் ஆண்டு அறிஞர் அண்ணா, சென்னையில் இரா. பி. சேதுப்பிள்ளையோடும், சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் நடத்திய சொற்போர்கள் 'தீ பரவட்டும்' என்னும் நூலாயின. 1946இல் புலவர் குழந்தை 'இராவண காவியம்' இயற்றினார். 1948இல் அரசு அதைத் தடை செய்தது. 1971இல்தான் தடை நீங்கியது. அந்தப் போர் சமயப் போர் மட்டுமன்று. கதையிலே யாருக்கு எந்த முகம் என்பதைப் பற்றிய போர். ஹாலிவுட்டைப் பார்த்து ஆசிய இளைஞர் எழுப்பும் கேள்வியை நம் முன்னவர் எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன்பே, நம் மேடைகளிலே எழுப்பிவிட்டார்கள்.

அதே கோவிலிலே துலுக்க நாச்சியார் என்று ஒருத்தி உண்டு. டெல்லி சுல்தானின் மகளாம். அரங்கனின் திருவுருவின்மேல் காதல் கொண்டு, அதைத் தேடி வந்தாளாம். அவளுக்குச் சிலையில்லை, சுவரிலே ஓவியம் உண்டு. அவள் பொருட்டு அரங்கனுக்கு ரொட்டி படைக்கிறார்கள். கதையை நாம் நம்பவில்லை. ஆயினும், கதையின் நெஞ்சம் அகலமானது என்பதை ஒப்புக்கொள்கிறோம். பின் ஏன் அவளுடைய சமயத்தில் பிறந்த பெண் இன்று அங்கே வந்தால், இந்துவல்லாதார் இதற்கு மேல் வரலாகாது என்று ஒரு வாசலில் நிறுத்துகிறார்கள்? கதைக்குக் கதவு, முகத்துக்குத் தாழ்! இராச கோபுரத்துக்கு எதிரே பெரியார் சிலையாக நிற்கிறார். கேட்டுக்கொண்டே நிற்கிறார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

இனி நம் திரைக்கு வருவோம். 'அந்த நாள்' தந்த அதே ஏவி.எம். நிறுவனம் 2007இல் 'சிவாஜி' தந்தது. அதிலே நாயகியின் பெயர் தமிழ்ச்செல்வி. நடித்தவர் வடநாட்டிலே பிறந்த சிரேயா சரண், குரல் வேறொருவருடையது. நடித்தவர்மேல் நமக்குக் குறையில்லை. தேடியவர்களைக் கேட்கிறோம், தமிழ்ச்செல்வியைத் தமிழ்நாட்டில் தேடினால் கிடைக்க மாட்டாளா? அதே படத்திலே கரிய நிறமுள்ள இரண்டு பெண்களை நகைப்புக்கென்றே நிறுத்தினார்கள். அவர்களுக்கு என்ன பெயர் வைத்தார்கள்? அங்கவை, சங்கவை! பறம்புமலைப் பாரியின் மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் 112ஆம் பாட்டு இருக்கிறது. நாட்டையும் தந்தையையும் இழந்த நிலவிரவைப் பாடிய அந்தப் பாவலர்களுக்கு மரபு வழங்கும் பெயர்கள் அவை. அப்பெயர்களைச் சிரிப்புக்கு விற்றார்கள், கொட்டகை சிரித்தது, நாமும் சிரித்தோம். அப்போது நாம் பள்ளிச் சிறுவர். நம் வகுப்பிலே கருநிறப் பெண் எவள் வந்தாலும் மறுநாள் முதல் அவளுக்கு அங்கவை என்று பெயர். அந்தச் சிறுமிகள் சிரித்தார்களா என்று நாம் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் படத்திலே நாயகன் சிவப்பாவதற்குப் படாதபாடு படுகிறான். ஒரு பாட்டிலே வெள்ளையனாகவே ஆகிவிடுகிறான். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியை அதே அசைவுகளோடு படம் பிடித்து, அவள் தோலின் நிறத்தைக் கணிப்பொறியின் துணையால் ரஜினிகாந்தின்மேல் ஏற்றினார்கள். இப்போது மற்றொரு காட்சியை நினைவு கொள்ளுங்கள். 1995இல் வந்த 'முத்து', 1998இல் ஜப்பானிலே திரையிடப்பட்டு அங்கே மாபெரும் வெற்றி பெற்றது. டோக்கியோவின் இளைஞர் நம் பாட்டைக் கேட்டார்கள், நம் ஆட்டத்தை ஆடினார்கள், நம் முகத்தைக் கொண்டாடினார்கள். தங்கள் நாட்டு முகமொன்றை அதன்மேல் ஒட்டவில்லை. ஜப்பானியர் ரஜினிகாந்தை வெளுக்கவில்லை, தோழர்களே! நாம் வெளுத்தோம்!

"மக்கள் விரும்புகிறார்கள், நாங்கள் கொடுக்கிறோம்" என்பது வணிகர் வாதம். மக்களின் நாக்குப் பிறக்கும்போதே சுவையோடு பிறப்பதில்லை. ஊட்டியவர் பழக்கியது அது. 1975இல் இந்நாட்டுச் சந்தைக்கு வந்த சிவப்பழகுப் பசை, உலகெங்கும் நிறவெறிக்கு எதிராகக் குரல் எழுந்த 2020இல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை நீக்கியது. 'ஃபேர்' போயிற்று, ஆசை போயிற்றா? மணமகள் தேவை விளம்பரங்களைப் பாருங்கள். 'சிவந்த நிறமுடைய' என்ற சொல் இல்லாத பக்கத்தைக் காட்டுங்கள். அதிலே சாதி தடையில்லை என்று பெருமையோடு எழுதுகிற வீட்டாரும் நிறத்தைத் தடையாக எழுதுகிறார்களே! கருப்புச் சட்டை நமக்குப் பெருமை. கருப்பு மருமகள் மட்டும் ஆகாதோ? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், இக்கேள்வி நம் இல்லங்களுக்குள் நுழையத் தேவையில்லாத கேள்விதானா?

ஆகவே, நாம் கண்ட முடிவு இது. கதை ஆறு போன்றது. அதற்கு அணை வேண்டா. ஜப்பான் கதையைத் தமிழன் எடுக்கட்டும், தமிழன் கதையை ஜப்பான் எடுக்கட்டும். எடுப்பவன் எங்கே எடுத்தான் என்று சொல்லட்டும். தன் கேள்வி ஒன்றை அதிலே சேர்க்கட்டும். ஆனால், கதையை எந்த மண்ணில் ஊன்றுகிறானோ, அந்த மண்ணின் முகத்துக்கு அதிலே இடம் கொடுக்கட்டும். கொள்ளிடக் கரை நாணற் காட்டுக் கதையென்றால், கொள்ளிடக் கரை வெயிலிலே காய்ந்த முகம் அதிலே நாயகியாகட்டும். கடனைச் சட்டம் கேட்கும். முகத்தை நாம்தான் கேட்க வேண்டும். அதற்கு வேறு மன்றம் இல்லை.

சொன்னவர் செய்தாரா என்று நீங்கள் கேட்பீர்கள், கேட்க வேண்டும். அதே நாடகத்தை வேறொரு விழாவில் மீண்டும் நடத்த அழைப்பு வந்திருக்கிறது. நடித்த மாணவியையும் குரல் கொடுத்த மாணவியையும் அழைத்தோம். தெரிவிலே நாம் தவறு செய்தோம் என்று இருவர் முன்னும் சொன்னோம். நடித்தவளிடம் அதைச் சொல்லத்தான் நமக்கு நா எழவில்லை. அவள் செய்த குற்றம் என்ன? நிறத்தை அவளா கேட்டு வாங்கினாள்? அவளுடைய பங்கைப் பறிப்பதும் ஒரு கொடுமையன்றோ? தயங்கி நின்ற நம்மைப் பார்த்து அவளே சொன்னாள்: "இவள் குரலுக்கு நான் வாயசைத்தபோது எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது, ஐயா. எனக்கு விறகுவெட்டி வேடம் கொடுங்கள். அதற்குக் கொஞ்சந்தான் பேச்சு, அதை என் குரலிலேயே பேசுகிறேன்."

முகத்தை இழந்தவள் ஒருத்தி என்று எண்ணியிருந்தோம். குரலை இழந்தவள் மற்றொருத்தி என்பதை அப்போதுதான் கண்டோம். நிறத்தை அளவுகோலாக்கினால், வென்றவளும் பாதி ஆளாகத்தான் நிற்கிறாள்.

இப்போது ஒத்திகை நடக்கிறது. ஒப்பனைப் பெட்டியிலே வெள்ளைப் பொடி இருக்கிறது. அதைத் திறக்க வேண்டா என்று சொல்லியிருக்கிறோம். "எடுப்பாக இராதே" என்று இப்போதும் சிலர் முணுமுணுக்கின்றனர். வந்து பாருங்கள் என்கிறோம். உங்களையும் அழைக்கிறோம், தோழர்களே! உங்கள் ஊர்ப் பள்ளியிலும், மன்றத்திலும், படக்கொட்டகையிலும் திரை விலகும்போதெல்லாம், மேடையில் நிற்பவரை மட்டும் பாராதீர்கள். திரைக்குப் பின்னே யாரை நிறுத்தியிருக்கிறார்கள் என்றும் எட்டிப் பாருங்கள். கேட்க வேண்டிய கேள்வி அங்கேதான் நின்றுகொண்டிருக்கும்.